உபத்திரவக் கஞ்சி

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு நாள் தவறாமல் புகார்கள் வரும். அவற்றைப் படித்து, இது சிறிய பிரச்சினை, இது நடுத்தரம், இது அவசரம் என்று மூன்று பெட்டிகளில் பிரித்துப் போடுவது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதற்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. பதினோரு வயதிலேயே இந்த வேலையைப் பார்த்தவள் நான். அதுவும் மூன்று பெட்டி இல்லை, ஐந்தாறு பெட்டி. அந்த வயதில், வேலை கைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு புகாரைத் தப்பான பெட்டியில் போட்டு, பசியோடிருந்த இருபது பெண்களை வெயிலில் நடக்க வைத்தேன்.

எங்கள் ஊர் செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க் கோடியில் ஓடு போட்ட சின்ன சர்ச். நாங்கள் அதைக் கோயில் என்றும், போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். சனிக்கிழமைதோறும் அங்கே பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். பின்கட்டில் பெரிய அலுமினியக் குண்டான் நிறைய நொய்யும் பச்சைப்பயறும் போட்டுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே ஜெபம் செய்வதற்குத் தனி விசுவாசம் வேண்டும். மதியம் ஜெபம் முடிந்ததும் தேங்காய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு எல்லோரும் கஞ்சி குடிப்பார்கள்.

யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது ஒரு நோட்டில் இருக்கும். அந்த விண்ணப்ப நோட்டு என் அத்தையின் பொறுப்பு. அத்தை அப்பாவுக்கு அக்கா. தாயில்லாமல் போன தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவள், எங்களோடுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கள் குறையைச் சொல்வார்கள். அதற்கு என்ன பெயர் என்பதை அத்தை முடிவு செய்வாள்.

அத்தை இதில் ரொம்பக் கறார். தொந்தரவு என்றால் எலி, பல்வலி, வந்து தங்கிவிட்டுப் போகாத உறவுக்காரர்கள். இதற்கு ஐயர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், ஆமென் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். அதே எலி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் தொல்லை. கஷ்டம் என்று எழுதினால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். புருஷன் குடிக்கிறான் என்பது போராட்டம், அதற்கு ஒரு பாட்டும் உண்டு. பேஜாரு, ரோதனை, இம்சை ஆகியவற்றுக்கு நோட்டில் இடமே கிடையாது. “கடவுளாண்ட போயி பேஜாரும்பியா? மருவாதியா ஒரு வார்த்த சொல்லு,” என்று வந்தவளைத் திருப்பி யோசிக்க வைப்பாள். துன்பம், இன்னல் எல்லாம் எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததில்லை. அவை தமிழ்ப் புத்தகத்தில் இருப்பவர்களுக்கும், சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது உபத்திரவம். வெளியில் இந்தச் சொல்லைக் கொசுக்கடிக்குக்கூடச் சொல்கிறார்கள் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். எங்கள் சபையில் அதற்கு வேதப் புத்தகத்தின் கனம் இருந்தது. ஒருத்தியின் பெயருக்கு நேரே உபத்திரவம் என்று எழுதிவிட்டால், என்ன ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. முழங்காலில் நின்று அரை மணி நேரம் ஜெபம். முடிந்ததும் அன்றைக்குக் கோயிலில் கஞ்சி கிடையாது. குண்டானை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் போவார்கள். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டாரோடு சேர்ந்துதான் முதல் வாய்க் கஞ்சி. அதற்குள் அவர்களே வாய் திறந்து சொன்னால் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் கஞ்சி உண்டு.

என் குறை என்னவென்றால், குண்டான் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. எதிர்வீட்டுச் சிநேகிதி வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவள் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்த தோரணையை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்கு மதுராந்தகம் நெல் மண்டியில் நிரந்தர வேலை. குடிக்க மாட்டார். அம்மாவைக் கேட்டால், “நமக்கு இன்னா கொறச்சல்? ஸ்தோத்திரம்னு எழுது,” என்பாள். இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நாற்பது நாளைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது. வீட்டில் கையெழுத்து நன்றாக இருந்தவள் நான் ஒருத்திதான். நோட்டு என் மடிக்கு வந்தது. பேனாவைக் கொடுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. “பென்சில்ல எழுது. தப்பு வந்தா அழிச்சிக்கலாம்,” என்றாள். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அந்தப் பென்சில்தான் காரணம் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன்.

முதல் வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தவள் சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார்கள். தனியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சித்தப்பா உப்பள வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரம் சாலையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓட்டல்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். மூங்கில் சாரத்தில் ஏறி நின்று செய்கிற வேலை. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. “சாரத்துல ஏறினீன்னா எங்கிட்ட பேசாத,” என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா ஏறிவிட்டார். அத்தை ஒன்றரை வருடமாகப் பேசவில்லை. அக்காவும் தம்பியும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

பேசவில்லையே தவிர, அத்தை எதையும் விட்டுவிடவில்லை. சனிக்கிழமை இரவு சித்தப்பா வேலையிலிருந்து வரும் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டால், “யாரு யாரு எறங்குனாங்கன்னு பாரு,” என்று என்னைத் துரத்துவாள். நான் திரும்பி வந்து ஊரில் இருக்கிற எல்லார் பெயரையும் சொல்வேன். சித்தப்பாவின் பெயர் அதில் வந்ததும் உள்ளே போய்விடுவாள். நோட்டு என்னிடம் வந்த அந்த வாரத்திலிருந்து அவர் பெயர் வரவில்லை. ஓட்டல் திறப்பு விழா நெருங்குவதால் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி என்று சித்தி சொல்லியிருந்தாள்.

சித்தி வந்து திண்ணையில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“எழுதிக்கோ. ஒண்ணுமில்ல, ஒரு சின்ன தொந்தரவு.”

“இன்னா தொந்தரவு சித்தி?”

“தொந்தரவுன்னா தொந்தரவுதான். உங்க சித்தப்பா டூட்டில மாட்டிகினு வர முடியாம கீறாரு. அவ்ளோதான்.”

நான் எழுதினேன். அடுத்த வெள்ளியும் அதே தொந்தரவு. மூன்றாவது வெள்ளியும் அதே. அப்போது சித்தி தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தையல் வகுப்பு என்றாள். மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்புவாள். கையில் துணிப்பை இருக்காது, மூன்றடுக்கு டிபன் கேரியர்தான் இருக்கும். பக்கத்தில் வந்தால் பினாயில் வாடை அடிக்கும். தையல் வகுப்பில் தரையைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

நாலாவது வெள்ளிக்கிழமை நோட்டு ரொம்ப ஏழ்மையாக இருந்தது. ஒரு தொல்லை, நாலு தொந்தரவு, அம்மாவின் ஸ்தோத்திரம். சித்தி வந்து வழக்கம்போலச் சின்ன தொந்தரவைச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே பச்சைத் துணி கட்டிய கண்ணோடு படுத்திருந்த அத்தையைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குண்டான் கோயிலை விட்டு நகர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டுக்கு வராவிட்டால் போகிறது, சித்தி வீட்டுக்கு வந்தால்கூடப் போதும், சொந்தக்காரி என்கிற முறையில் நான் தட்டு எடுத்துக் கொடுக்கலாம். ரப்பரை எடுத்தேன். தொந்தரவை அழித்தேன். அந்த இடத்தில் என் அழகான கையெழுத்தில் உபத்திரவம் என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள் ஐயர் நோட்டை வாசித்துக்கொண்டே வந்து சித்தியின் பெயரில் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். நோட்டில் இருந்ததை அப்படியே வாசித்தார். கோயிலுக்குள் புடவைகள் சரசரத்தன, எல்லோரும் முழங்காலிட்டார்கள். அத்தை குனியக் கூடாது, நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஐயரும் கையமர்த்தினார். அத்தை அவரைக் கவனிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டாள். அரை மணி நேரமும் அவள் கை என் தோளிலேயே இருந்தது. பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று எனக்குப் பட ஆரம்பித்தது அப்போதுதான்.

குண்டான் கிளம்பியது. நான் அத்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். பாதி வழியில் அத்தை மெதுவாகச் சொன்னாள்: “எங்கிட்ட நேருல சொல்ல வாய் வராம நோட்டுல சொல்லிக்கீறா பாரு. நான்தான் மூஞ்சத் திருப்பிகினு இருந்துட்டேன்.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். “கல்லு கீது, பாத்து வா அத்த,” என்று மட்டும் சொன்னேன். முன்னால் இரண்டு பெண்கள் குண்டானின் காதுகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கஞ்சி தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

சித்தி வீடு பூட்டியிருந்தது. இரண்டு மணி பஸ் வர வேண்டும். முருங்கை மர நிழலில் பக்கத்து வீட்டிலிருந்து பாய் வாங்கி விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டு எடுத்துக் கொடுக்கிற ஆசை எனக்கு அடியோடு போய்விட்டது. பஸ் இன்றைக்கு வராமல் போகட்டும் என்று நான் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை எந்தப் பெயரில் எழுதுவது என்றுகூடத் தெரியவில்லை.

பஸ் வந்தது. சித்தி கேரியரோடு தெருமுனையில் திரும்பினாள். தன் வீட்டு வாசலில் இருபது பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஒரு வீட்டு வாசலில் இப்படிக் கூட்டமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்து, வீட்டுக்காரி வந்ததும் எழுந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது பதினோரு வயதில் எனக்கே தெரியும். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத சித்திக்குக் குண்டான் கண்ணில் படவே இல்லை.

கேரியர் கையிலிருந்து விழுந்து, அடுக்கு மூன்றும் மூன்று திசையில் உருண்டது. சித்தி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அய்யோ, காலையில நல்லாதானே இருந்தாரு! என் கையால இட்லி துன்னாரே! நான் இந்தாண்ட வந்தப்புறம் இன்னா ஆச்சு? யாரு வந்து சொன்னாங்க?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

“யாரு இட்லி துன்னது?”

சித்தி அப்படியே நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குண்டானைப் பார்த்தாள். செத்தவர் யாருமில்லை என்று தெரிந்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எல்லாம் வந்தது. இருபத்தைந்து நாளைக்கு முன்னால் சாரத்தில் கட்டு நழுவிச் சித்தப்பா கீழே விழுந்திருந்தார். தொடை எலும்பு முறிவு. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். தையல் வகுப்பு என்பது பொய். “அக்காவுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. நான் இன்னா பண்ணுவேன்?”

எல்லோரும் அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தையை ஒன்றரை வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்தாள் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“கால் மட்டுந்தானே?” என்றாள் அத்தை.

“ஆமா அண்ணி.”

“எத்தினி இட்லி துன்னான்?”

“மூணு.”

“மூணு இட்லி எந்த மூலைக்கு? அஞ்சு துன்றவன்.” அத்தை என் பக்கம் திரும்பி, “அந்தக் கேரியரப் பொறுக்கிக் கழுவி எடுத்தா,” என்றாள்.

அன்றைக்கு முதல் கஞ்சி கேரியருக்குத்தான் போனது. மூன்று அடுக்கிலும் அத்தை தன் கையால் தடவிப் பார்த்து விளிம்பு வரை ஊற்றினாள். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பச்சைத் துணி கட்டிய கண்ணோடு, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள். நாங்கள் மீதிக் கஞ்சியைக் குடித்தோம். ஆஸ்பத்திரியில் அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று பிற்பாடு சித்தியைக் கேட்டேன். ஒன்றுமே பேசவில்லையாம். தம்பி மூன்று அடுக்கையும் காலி செய்தாராம், அக்கா கேரியரை அங்கேயே கழுவிக்கொண்டு வந்தாளாம்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்ததாக ஊர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தேன். சித்தப்பாவின் காலை உடைத்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தி சொன்னது சின்ன தொந்தரவு. நான் உபத்திரவம் என்று எழுதினேன், கோடு வேறு போட்டேன். எழுதிய வார்த்தைக்குத் தகுந்த மாதிரி கடவுள் காரியத்தைப் பெரிதாக்கிவிட்டார். விழுந்தது இருபத்தைந்து நாளைக்கு முன்னால் ஆயிற்றே என்று ஒரு பக்கம் புத்தி சொன்னது. நான் எழுதப் போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று இன்னொரு பக்கம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப் போனாள். “நான் இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதின?” என்றாள். நான் ஓவென்று அழுதேன். சித்தி முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, “யாருகிட்டயும் சொல்லாத,” என்றாள். என் குற்றத்தை மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பத்து நாளில் சித்தப்பாவை வேனில் கூட்டி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் நடுவில் கேட்காமல் வைத்திருந்து, வீட்டுக் கட்டிலில் படுத்ததும் அவர் முதலில் கேட்டது, “சத்தியம் பண்ணிட்டு நீதானே சொன்ன?” என்பதைத்தான். நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “ஆமா, நான்தான் நோட்டுல எழுதச் சொன்னேன். இப்ப இன்னான்ற?” என்றாள். சித்தப்பா சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். செய்யாத காரியத்தைச் செய்ததாக ஒருத்தி இவ்வளவு தைரியமாகச் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிராயச்சித்தமாகத் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப் போய்ச் சித்தப்பாவுக்கு விசிறினேன், டீ வாங்கி வந்தேன், நகம்கூட வெட்டிவிட்டேன். என்ன பொறுப்பான பிள்ளை என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் எனக்கு முள்ளாகக் குத்தியது.

சித்தப்பா வந்த அன்றைக்கே அத்தையும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பிக்குப் பத்தியம் யார் பார்ப்பார்கள் என்று ஒரு கேள்வி. பார்க்கத்தான் சித்தி இருக்கிறாளே என்று அம்மா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

நோட்டு என்னிடம் இருந்த கடைசி வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு சித்தி வந்தாள். இந்த முறை நிற்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பினாயில் வாடை இல்லை. கையில் மஞ்சளும் பூண்டும் மணந்தது.

“எழுதிக்கோ. ஒரு சின்ன தொந்தரவு.”

நான் பென்சிலை நோட்டில் வைக்கவில்லை. “நெஜமா சொல்லு சித்தி. தொந்தரவா, உபத்திரவமா?”

“தொந்தரவுதான்டி. உங்க அத்த என் வூட்டுல வந்து ஒக்காந்துகினு எந்திரிக்கவே மாட்டேங்குது. நான் வெச்ச கொழம்புல உப்பு இல்லன்றது, நான் பெருக்குன எடத்த மறுபடி பெருக்குது. உங்க சித்தப்பா வாயத் தொறந்தா, ‘நீ சும்மா கெட’ன்னு வாயில ஒரு இட்லிய வெச்சி அடைக்குது.”

நான் அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பெரிதாகிவிடாமல், எவ்வளவு பொடியாக எழுத முடியுமோ அவ்வளவு பொடியாக எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால், சித்தி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு வெள்ளிக்கிழமை இதே இடத்தில் நின்று கண் கலங்காமல் சொன்னவள், வெறும் உப்புக்கும் துடைப்பத்துக்கும் போய் எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பரைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.